தடை போட்ட ரோமாபுரியே சாட்சி எழுதி வைத்த கதை தெரியுமா?

கையில் வாள் இல்லை, மடியில் பணம் இல்லை, பின்னால் படை இல்லை. நடந்தும் கப்பலேறியும் ஊர் ஊராகப் போய், சிலுவையில் அறையப்பட்ட ஒருவரே ஆண்டவர் என்று சொல்லித் திரிந்த மனிதர்களை ரோமப் பேரரசு என்ன செய்தது? ‘சிங்கத்துக்குப் போட்டது’ என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். நடந்ததோ அதைவிட விசித்திரம்! வியாபாரம் படுத்ததால் ஒரு கலகம், தீயணைப்புப் படைக்கே ஒரு தடை, சாமி கும்பிட்டதற்குச் சான்றிதழ், கையெழுத்துப் போடத் தெரியாத வேத வாசகர்... அடேயப்பா! இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதுதான் இன்னும் பெரிய வேடிக்கை. எதிர்த்தவர்களே பலவற்றை எழுதி, கோப்பில் போட்டு, பத்திரமாக விட்டுப் போயிருக்கிறார்கள். கிறிஸ்தவத்தின் முதல் 350 ஆண்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்தவை இதோ!

மாலை போட வந்த ஊரே கல்லெறிந்தது தெரியுமா?

இன்றைய துருக்கியில் இருந்த ஊர் லீஸ்திரா. கிறிஸ்துவைப் போதித்துவந்த பவுலும் பர்னபாவும் அங்கே போகிறார்கள். பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவன் பவுலின் சொல் கேட்டு எழுந்து நடந்தான் என்கிறது வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள். அவ்வளவுதான், ஊரே திரண்டது! பர்னபா வேறு யாருமில்லை, கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் சியூஸ். பேச்சில் வல்ல பவுல் அவருடைய தூதர் ஹெர்மஸ் என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பூசாரி காளைகளோடும் மாலைகளோடும் வந்து நின்றார், பலி கொடுக்க! ஏன் அந்த இரண்டு தெய்வங்கள்? சியூசும் ஹெர்மஸும் மனித வேடத்தில் வந்தபோது ஊரார் கதவடைத்ததாகவும், ஏழைக் கிழத் தம்பதி மட்டும் சோறு போட்டுப் பிழைத்ததாகவும் அந்தப் பக்கத்தில் நடந்ததாகவே ஒரு புராணக் கதை உண்டு. இரண்டாம் முறையும் ஏமாறக் கூடாதல்லவா! ஆனால் வெளியூரிலிருந்து எதிர்ப்பாளர்கள் வந்து பேசியதும் காற்று மாறியது. பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவரோ எழுந்து மறுபடி ஊருக்குள்ளேயே நடந்தார்!

சிறையில் போட்ட நீதிபதிகளே நேரில் வந்து கெஞ்சினார்கள் தெரியுமா?

பிலிப்பி பட்டணம் ரோமப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட குடியேற்றம். ரோமன் என்பதில் அந்த ஊருக்கு அத்தனை பெருமை. அங்கே குறி சொல்லும் அடிமைப் பெண் ஒருத்தி, எஜமானர்களுக்குக் கொழுத்த வருமானம் ஈட்டித் தந்துகொண்டிருந்தாள். பவுல் அவளிடமிருந்த ஆவியை விரட்டியதும் குறியும் போச்சு, வரும்படியும் போச்சு! எஜமானர்கள் வழக்குப் போட்டார்கள். வருமானம் போன கதையைச் சொன்னார்களா? மூச்! ரோமர்களாகிய நமக்கு ஒவ்வாத பழக்கங்களை இந்த யூதர்கள் பரப்புகிறார்கள் என்று புகாரை மாற்றிப் போட்டார்கள். விசாரணையே இல்லாமல் பிரம்படி, தொழுமரம், உட்சிறை.

மறுநாள் காலையில்தான் பவுல் துருப்புச் சீட்டை இறக்கினார்: அவரும் உடன் அடிபட்ட தோழர் சீலாவும் ரோமக் குடிமக்கள்! ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது சட்டப்படி குற்றம். அடிக்க உத்தரவிட்ட அதிகாரிகளுக்கு வெலவெலத்துவிட்டது. ஆள் அனுப்பி விடுவித்தால் போக மாட்டேன், அவர்களே வரட்டும் என்றார் பவுல். வந்தார்கள், கெஞ்சினார்கள், ஊரை விட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டார்கள்!

வீடு கொடுத்தவருக்கு ஜாமீன் தெரியுமா?

அடுத்த ஊர் தெசலோனிக்கே. பவுலைத் தேடி வந்த கும்பலுக்கு அவர் கிடைக்கவில்லை. வீட்டில் இடம் கொடுத்த யாசோனை இழுத்துப் போனார்கள். குற்றச்சாட்டு சாதாரணமானதா? ரோமச் சக்கரவர்த்தியின் ஆணைகளுக்கு விரோதமாக, இயேசு என்ற வேறொரு ராஜாவைச் சொல்கிறார்களாம்! மதத் தகராறு ஒரே நொடியில் ராஜதுரோக வழக்காகிவிட்டது. யாசோன் ஜாமீன் கட்டி வெளியே வந்தார். பவுல் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார். இந்த ஊரின் பெயரை நினைவில் வையுங்கள். 330 ஆண்டு கழித்து இங்கிருந்தே வேறொரு ஆணை புறப்படப்போகிறது!

வழக்கைத் தூக்கியெறிந்த நீதிபதி ஒரு தத்துவ ஞானியின் அண்ணன் தெரியுமா?

கொரிந்துவில் பவுல் மீது மறுபடி வழக்கு. நீதி ஆசனத்தில் அகாயா மாகாண ஆளுநர் கல்லியோன். பவுல் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே, இது உங்கள் சமய நூல் விவகாரம், நான் விசாரிக்கமாட்டேன் என்று எல்லோரையும் துரத்திவிட்டார்! இந்தக் கல்லியோன் யார்? ஸ்டோயிக் தத்துவ ஞானி செனெக்காவின் அண்ணன்!

இன்னும் கேளுங்கள். கிரேக்கத்தின் டெல்பியில் உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஊரில் குடியிருப்போர் குறைந்துவிட்டார்கள் என்ற கவலையில் கிளாடியஸ் சக்கரவர்த்தி எழுதிய கடிதம் அது. பவுலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் அதில் கல்லியோன் பெயர் இருக்கிறது! கல்லின் காலம் கி.பி. 52 வாக்கில் என்று கணக்கிட்டார்கள். பவுலின் வாழ்க்கையில் எந்த ஆண்டு எது நடந்தது என்று கணக்குப் போடும் அறிஞர்களுக்கு இன்றைக்கும் ஊன்றுகோல் இந்தக் கல்தான்!

தட்டான்கள் தொடங்கிய கலகம் தெரியுமா?

எபேசு! உலகின் 7 அதிசயங்களில் ஒன்றான அர்த்தெமிஸ் அம்மன் கோயில் இருந்த ஊர். கோயிலைப் போலவே வெள்ளியில் சின்னச் சின்னதாகச் செய்து விற்பதில் தெமேத்திரியு என்ற தட்டானுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் நல்ல பிழைப்பு. கையால் செய்தவை தெய்வமல்ல என்று பவுல் பேசப் பேச, விற்பனை குறைந்துவிடுமோ என்ற பயம். தெமேத்திரியு தொழிலாளர்களைக் கூட்டினார். முதலில் பிழைப்பு போகிறது என்றார், அடுத்த மூச்சில் அம்மன் மகிமை போகிறது என்றார்! ஊர் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கத்துக்குள் கும்பல் பாய்ந்தது. எதற்குக் கூடினோம் என்றே பாதிப்பேருக்குத் தெரியாது! ஆனாலும் அம்மன் பெயரைச் சொல்லி 2 மணி நேரம் விடாமல் கோஷம். கடைசியில் நகரச் செயலர் எழுந்தார். புகார் இருந்தால் நீதிமன்றம் திறந்திருக்கிறது, ஆளுநர் இருக்கிறார். இந்தக் கூச்சலுக்கு நம் மீதே கலக வழக்கு வரும் என்று எச்சரித்துக் கூட்டத்தைக் கலைத்தார். அந்த அரங்கத்தின் கல் படிகளில் இன்றும் நீங்கள் ஏறி உட்காரலாம்!

யூதர்களுக்கு இருந்த சலுகை இவர்களுக்கு ஏன் இல்லை தெரியுமா?

ரோமர்கள் பழமைக்குத் தலைவணங்குவார்கள். யூதர்கள் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தாலும், முன்னோர் காலத்து வழிபாடு என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு, அந்த ஆலயத்துக்குக் கட்டிவந்த வரியை யூதர்கள் ரோமுக்குக் கட்டவேண்டியிருந்தது. ஆனால் வழிபாடு தொடர்ந்தது. கிறிஸ்தவர்களோ யூதர்களிலிருந்தே பிரிந்து வந்து, எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டன் பூட்டன் சாமியை விட்டவர்கள், நேற்று முளைத்த வழியில் போகிறவர்கள்! ரோமக் கண்ணுக்கு இதுவே பெருங்குற்றம். புதுமை என்பது இன்று விளம்பரச் சொல்; அன்று வசைச் சொல்!

தீயை அணைக்கவும் தடை போட்ட சக்கரவர்த்தி தெரியுமா?

கி.பி. 64இல் ரோம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மீது போட்டு, அவர்களை உயிரோடு தீப்பந்தங்களாக்கினான்; அவர்களை வெறுத்த மக்களுக்கே இரக்கம் பிறந்தது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத நெருப்புக் கதை ஒன்று இருக்கிறது!

சேர நாட்டு முசிறித் துறைமுகத்தைப் பற்றியும் ரோமப் பணம் கிழக்கே கொட்டப்படுவதைப் பற்றியும் எழுதிய மூத்த பிளினியை நமக்குத் தெரியும். அவர் தாய்மாமனாக இருந்து வளர்த்த மருமகன் இளைய பிளினி. கி.பி. 110ஐ ஒட்டி இவர் கருங்கடல் ஓரத்து பித்தினியா மாகாணத்துக்கு ஆளுநர். நிக்கொமீதியா நகரில் பெரிய தீ விபத்து. 150 பேர் கொண்ட தீயணைப்புப் படை அமைக்கலாமா என்று டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதிக் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது! ஏன்? எந்தப் பெயரில் சங்கம் வைத்தாலும் அது சீக்கிரமே அரசியல் கும்பலாகிவிடுமாம். வாளி வேண்டுமானால் வாங்கி வை, ஆட்களைச் சேர்க்காதே! தீயணைக்கவே நாலு பேர் கூடக் கூடாதென்றால், விடியுமுன் கூடி ஒரு சிலுவைக் கைதியைத் துதித்துப் பாடும் கூட்டத்தை அரசு எப்படிப் பார்த்திருக்கும்!

‘என்ன குற்றம்?’ என்று தெரியாமலே தண்டித்த ஆளுநர் தெரியுமா?

அதே பிளினி, அதே டிராஜன், இன்னொரு கடிதம். கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்து வந்திருக்கிறார்கள், இப்படிப்பட்ட விசாரணையில் எனக்கு அனுபவமில்லை, பெயரே குற்றமா, பெயரோடு சேர்ந்த செயல்கள் குற்றமா என்று கேட்கிறார். ஆனால் பதில் வருமுன்பே தண்டனை தொடங்கிவிட்டது! 3 முறை கேட்பாராம். 3 முறையும் ஆம் என்றவரைக் கொல்ல அனுப்புவாராம். ரோமக் குடிமக்களாக இருந்தால் மட்டும் ரோமுக்கு.

உண்மையை அறிய 2 அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். இருவரும் சபையில் ஊழியம் செய்தவர்கள். மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் தெரியவில்லையாம். மதத்தை விட்டுவிட்டதாகச் சொன்னவர்கள் ஏற்கெனவே கொடுத்த விவரம் என்ன? விடியுமுன் கூடுவார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுவார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளை மறுக்கமாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள், பிறகு சாதாரணச் சாப்பாடு! சங்கத் தடை வந்ததும் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்களாம். கிறிஸ்தவ வழிபாடு எப்படி இருந்தது என்று ரோம அதிகாரி எழுதிய மிகப் பழைய குறிப்பு இது.

கடிதத்தின் கடைசியில் இருக்கிறது ரத்தினம்: வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சி, நடவடிக்கைக்குப் பின் மறுபடி விற்கிறதாம்! பிலிப்பியில் குறி, எபேசில் வெள்ளி, இங்கே இறைச்சி. ஊருக்கு ஊர் புதிய மதம் கை வைத்தது முதலில் யாரோ ஒருவரின் கல்லாவில்தான்!

தேடாதே, ஆனால் கிடைத்தால் கொல்! இப்படி ஒரு சட்டம் தெரியுமா?

டிராஜனின் பதில் ரத்தினச் சுருக்கம். அவர்களைத் தேடிப் போகவேண்டாம். யாராவது புகார் கொடுத்து நிரூபணமானால் தண்டி. நம் தெய்வங்களை வணங்கி மறுத்துவிட்டால் மன்னித்துவிடு. பெயர் போடாத மொட்டைக் கடுதாசியை எந்த வழக்கிலும் ஏற்காதே; அது நம் காலத்துக்கு அழகல்ல! 19 நூற்றாண்டு முன்னால் மொட்டைக் கடுதாசிக்குத் தடை!

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்டுல்லியன் கி.பி. 197 வாக்கில் இதைப் பிடித்து உலுக்கினார். குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, நிரபராதி என்றால் ஏன் தண்டிக்கிறாய் என்று மடக்கினார். ஆறு பெருகினாலும் மழை பொய்த்தாலும் கிறிஸ்தவனைச் சிங்கத்துக்குப் போடச் சொல்கிறார்களே, இத்தனை பேரும் ஒரே சிங்கத்துக்கா என்று கிண்டலும் செய்தார்!

கிறிஸ்தவர்களுக்கு ‘நாத்திகர்’ பட்டம் தெரியுமா?

சிலை இல்லை, பலி இல்லை, கோயில் இல்லை. அப்படியானால் சாமியே இல்லாதவர்கள்! இதுதான் தெருப்பேச்சு. சிமிர்னா நகரத்து முதிய ஆயர் பாலிகார்ப்பை கி.பி. 155ஐ ஒட்டி அரங்கத்தில் நிறுத்தினார்கள். 86 ஆண்டுகளாகக் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்கிறவர். வயதைப் பார்த்து இரங்கிய ஆளுநர், நாத்திகர்கள் ஒழியட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னார். கிழவர் என்ன செய்தார்? சுற்றியிருந்த கூட்டத்தையே கையால் காட்டி அதே வார்த்தையைச் சொன்னார்! அதற்கு மேல் தப்ப வழியில்லை, தீயிலிட்டார்கள்.

‘பிள்ளைக்கறி’ வதந்தி தெரியுமா?

மாவுக்குள் குழந்தையை மறைத்து வைத்துப் புதியவனைக் குத்தச் சொல்வார்களாம். விளக்கில் நாயைக் கட்டி, அது இழுத்து விளக்கு அணைந்ததும் தகாத காரியங்கள் நடக்குமாம். 2ஆம் நூற்றாண்டு ரோமில் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பரவிய வதந்தி இது! எங்கிருந்து கிளம்பியது? ஆண்டவரின் உடலை உண்கிறோம், ரத்தத்தைப் பருகுகிறோம் என்பார்கள். கணவன் மனைவியும் சகோதரன் சகோதரி என்பார்கள். கதவு சாத்திய வீட்டுக்குள் இதெல்லாம் நடந்தால் தெரு சும்மா இருக்குமா!

வதந்தி உயிரையும் குடித்தது. கி.பி. 177, இன்றைய பிரான்சின் லியோன் நகரம். கிறிஸ்தவர்களின் வீட்டு அடிமைகளைப் பிடித்தார்கள். சித்திரவதைக்குப் பயந்து, ஆமாம், மனிதக்கறி தின்கிறார்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பிளாண்டினா என்ற அடிமைப் பெண் மட்டும், எங்களிடம் தீயது ஒன்றும் நடப்பதில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்திரவதை செய்தவர்கள் ஆள்மாற்றி ஆள்மாற்றிக் களைத்தார்கள், அவள் களைக்கவில்லை! இறந்தவர்களின் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள், உயிர்த்தெழும் நம்பிக்கையையே கழுவிவிடலாம் என்று. அப்போது சக்கரவர்த்தி யார்? தத்துவ ஞானி மார்க்கஸ் அரேலியஸ்! அவருக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்த ருஸ்திக்கஸ்தான், சில ஆண்டுகளுக்கு முன் ரோம் நகர நீதிபதியாக இருந்து, தத்துவ ஞானியின் அங்கி போட்டுக்கொண்டு கிறிஸ்துவைப் போதித்த ஜஸ்டினுக்கு மரண தண்டனை கொடுத்தவர்!

சுவரில் கிறுக்கிய கேலிப் படம் தெரியுமா?

1857இல் ரோமின் பாலத்தீன் குன்றில் ஒரு பழைய கட்டடச் சுவர் வெளிப்பட்டது. சுவரில் ஒரு கிறுக்கல்: சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், பக்கத்தில் கை தூக்கி வணங்கும் ஒருவன். அலெக்சமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று கீழே நக்கல்! அரண்மனை அடிமைப் பையன்கள் பயின்ற இடமாம். சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று. வரைந்தவன் பக்தனல்ல, பரிகாசம் செய்தவன்!

எதிர்த்து எழுதிய நூலைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா?

செல்சஸ் என்ற அறிஞர் கி.பி. 178 வாக்கில் கிறிஸ்தவத்தைக் கிழித்து ஒரு நூல் எழுதினார். அவருக்கு எது எரிச்சல்? கம்பளி நூற்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் சலவைத் தொழிலாளிகளும் வீட்டுக்குள் புகுந்து பெண்களிடமும் பிள்ளைகளிடமும் ஞானம் பேசுகிறார்களாம்! மிஷனரி என்றாலே கப்பலேறி வந்தவர் என்று நினைக்கிறோமே, அந்தக் காலத்தில் மதம் பெரும்பாலும் இப்படிச் சமையல்கட்டு வழியாகத்தான் நுழைந்தது. செல்சசின் நூல் தொலைந்துபோனது. ஆனால் சுமார் 70 ஆண்டு கழித்து ஒரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் மறுப்பு எழுதினார். வரிக்கு வரி எடுத்துக்காட்டி மறுத்தார். அதனால் செல்சஸ் இன்றும் பேசுகிறார்!

30 நாள் அவகாசம் வேண்டாம் என்ற 12 பேர் தெரியுமா?

கி.பி. 180, ஜூலை 17, கார்த்தேஜ் நீதிமன்றம். வட ஆப்பிரிக்கச் சிற்றூர்க்காரர்கள் 12 பேர். உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்டார். நீதிமானான பவுலின் கடிதங்களும் நூல்களும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், 30 நாள் தருகிறேன் என்றார் ஆளுநர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று பதில்! நீதிமன்றக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. லத்தீன் மொழியில் தேதியோடு கிடைத்த மிகப் பழைய கிறிஸ்தவ ஆவணம் அதுதான்!

சிறையில் நாட்குறிப்பு எழுதிய இளம் தாய் தெரியுமா?

கி.பி. 203, அதே கார்த்தேஜ். 22 வயது பெர்பெத்துவா. நல்ல குடும்பத்துப் பெண், படித்தவள், கைக்குழந்தைக்காரி. சிறையில் தன் கையாலேயே குறிப்பு எழுதினாள். தந்தை வந்து, என் நரைத்த தலைக்கு இரங்கு மகளே என்று காலில் விழுந்ததும், பால் குடிக்கும் பிள்ளையை எண்ணி நெஞ்சு பதைத்ததும் அதில் இருக்கிறது. கூடவே பெலிசித்தா என்ற அடிமைப் பெண், 8 மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்ல ரோமச் சட்டம் இடம் தராது! தோழர்களைப் பிரிந்து தனியே சாக வேண்டுமே என்று அவள் அழுதாள். முன்னதாகவே வலி கண்டு பெண் குழந்தை பிறந்தது; ஒரு கிறிஸ்தவப் பெண் அதை வளர்க்க எடுத்துக்கொண்டாள். மார்ச் 7இல் எஜமானி வர்க்கமும் அடிமை வர்க்கமும் ஒன்றாக அரங்கத்தில் நின்றன!

சாமி கும்பிட்டதற்குச் சான்றிதழ் தெரியுமா?

கி.பி. 250. டெசியஸ் சக்கரவர்த்தியின் உத்தரவு: பேரரசில் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். பலியிட்டோம் என்பதற்கு அதிகாரி கையெழுத்தோடு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்! எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சீட்டுகள் 40க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டுவந்தேன், இப்போதும் உங்கள் கண்முன் படைத்து, ஊற்றி, உண்டேன், சான்று தரக் கோருகிறேன் என்று ஒரே அச்சில் வார்த்த வாசகம். மனுதாரர் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம்! இதில் உச்சக்கட்ட வேடிக்கை: முதலைத் தெய்வத்துக்குப் பூசாரியாக இருந்த பெண்ணே வரிசையில் நின்று, நான் சாமி கும்பிடுகிறவள்தான் என்று சீட்டு வாங்கியிருக்கிறாள்!

சில கிறிஸ்தவர்கள் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். கெடுபிடி ஓய்ந்ததும் சபைக்குள் பூகம்பம்: சீட்டு வாங்கியவரை மறுபடி சேர்ப்பதா, கூடாதா? பல ஆண்டு நீடித்தது சண்டை. அந்தச் சண்டையின் நடுவில் நின்ற கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 258இல் தானே கொலைக்களம் போனபோது, தலையை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார்!

சோதனையில் சிக்கிய 47 ஜோடிப் பெண்கள் செருப்பு தெரியுமா?

கி.பி. 303, பிப்ரவரி 23. டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி நிக்கொமீதியா தேவாலயத்தை இடித்துத் தள்ளினார். ஆம், தீயணைப்புப் படை மறுக்கப்பட்ட அதே ஊர்! மறுநாள் ஆணை: வழிபாட்டிடங்களை இடி, வேத நூல்களை எரி. சுவரில் ஒட்டிய ஆணையைக் கிழித்தெறிந்த ஒருவரை உயிரோடு எரித்தார்கள்.

மே 19. இன்றைய அல்ஜீரியாவின் சிர்த்தா நகரம். அதிகாரி சபை வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுத வைத்தார். 2 பொன் கிண்ணம், 6 வெள்ளிக் கிண்ணம், விளக்குகள்... அப்புறம்? பெண்கள் அங்கி 82, பெண்கள் முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி! ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் கொடுக்க வைத்திருந்தவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பேரரசைக் கவிழ்க்கும் சதிக்கூடம் என்று நினைத்த இடத்தில் செருப்புக் குவியல்! வேத நூல் எங்கே? ஒரே ஒரு பெரிய புத்தகம் வந்தது. மற்றவை சபையில் வேதம் வாசிக்கும் வாசகர்களின் வீடுகளில். அவர்கள் பெயரைச் சொல் என்றபோது, நாங்கள் காட்டிக்கொடுப்பவர்களல்ல என்றார்கள் இரண்டு பேர், கைதானார்கள். ஆனால் வேறு சிலர் வீடுகளைக் காட்டிவிட்டார்கள்.

எழுத்தறியாத ‘வாசகர்’ தெரியுமா?

கி.பி. 304, எகிப்தில் ஒரு கிராமம். சபையின் சொத்து விவரத்தை அரசுக்குக் கொடுக்க வேண்டியவர் அந்தச் சபையின் வாசகர் அம்மோனியஸ். பொன் இல்லை, வெள்ளி இல்லை, ஆடு மாடு இல்லை, நிலம் இல்லை. கொஞ்சம் வெண்கலம் இருந்தது, அதையும் கொடுத்தாயிற்று என்கிறது பத்திரம். கடைசியில் வேறொருவர் கையெழுத்து: அவருக்கு எழுத்துத் தெரியாததால் அவருக்காக நான் எழுதினேன்! சபையில் வேதம் வாசிப்பவருக்கு எழுத்துத் தெரியாதா? நிஜமாகவே தெரியாதா, அல்லது அந்தப் பத்திரத்தில் தன் கையெழுத்துப் போடாமல் தப்பிக்க ஆடிய நாடகமா? அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்!

அதே காலத்து இன்னொரு பாப்பிரஸ் இன்னும் சுவாரசியம். நில வழக்குக்காக வெளியூர் போன கோப்ரெஸ் என்பவர் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். நீதிமன்றத்தில் நிற்பவர் முதலில் பலியிட வேண்டுமாம். அதனால் சகோதரனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன்! சிங்கமும் இல்லை, சிலம்பமும் இல்லை. ஒரு பத்திரத்தில் வேலை முடிந்தது!

அண்டை வீட்டுக்காரர்கள் செய்த ரகசிய ஏற்பாடு தெரியுமா?

ரோமின் எல்லைக்கு அப்பால் கோத்தர்கள். அவர்களுக்கு நற்செய்தி சொன்ன உல்ஃபிலா, கோத்த மொழிக்கு எழுத்தையே உருவாக்கி வேதாகமத்தை மொழிபெயர்த்தார். ராஜாக்களின் புத்தகங்களை மட்டும் விட்டுவிட்டாராம். ஏன்? ஏற்கெனவே சண்டை வெறி பிடித்தவர்கள், போர்க்கதை வேறு வேண்டுமா என்று! கெடுபிடி முற்றியதும் தன் ஜனங்களோடு டான்யூப் ஆற்றைத் தாண்டி ரோம மண்ணிலேயே தஞ்சம் புகுந்தார்.

கோத்த நாட்டிலேயே இருந்தவர்களுக்குச் சோதனை வந்தது: எல்லோர் முன்பும் பலி இறைச்சி தின்ன வேண்டும். கிராமத்தார் என்ன செய்தார்கள்? அவர்கள் கிறிஸ்தவர்களல்லர். ஆனாலும் நம்மூர்க்காரர்கள் ஆயிற்றே என்று, பலியிடாத சாதா இறைச்சியை ரகசியமாக மாற்றி வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள்! சபா என்பவர் மட்டும் அந்த ஏமாற்றுக்கும் ஒப்பவில்லை. 372இல் அவரை ஆற்றில் மூழ்கடித்தார்கள். அடக்குமுறைக் காலத்தில் எல்லா அண்டை வீட்டாரும் பகையாளியாக இருந்ததில்லை!

இடிக்கச் சொன்னவரே வேண்டிக்கொள்ளச் சொன்னார் தெரியுமா?

மறுபடி ரோமுக்கு வருவோம். டயோக்ளீஷியனோடு சேர்ந்து ஆண்டு, அடக்குமுறையில் முன்நின்ற கலேரியஸ் 311இல் நோயில் விழுந்தார். ஏப்ரல் 30இல் அவர் பெயரில் நிக்கொமீதியாவில் ஓர் ஆணை வெளியானது: கிறிஸ்தவர்கள் கூடி வழிபடலாம், எனக்காகவும் அரசுக்காகவும் தங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளட்டும்! சில நாளில் இறந்தார். 313இல் சக்கரவர்த்திகள் கான்ஸ்டன்டைனும் லிசினியசும் மிலானில் கூடி முடிவெடுத்தார்கள்: யாரும் எந்தச் சமயத்தையும் பின்பற்றலாம், பறித்த சொத்தைத் திருப்பிக் கொடு.

ஆனால் ரோமில் வந்த விடியல் பாரசீகத்தில் இருட்டானது! எதிரி நாட்டுச் சக்கரவர்த்தியின் மதம் என்பதால் இரண்டாம் ஷாபூர் தன் நாட்டுக் கிறிஸ்தவர்களைச் சந்தேகித்தார். 340 வாக்கில் இரட்டை வரி கேட்டார். வசூலித்துத் தர மறுத்த ஆயர் சிமெயோன் கொல்லப்பட்டார்.

தராசு தலைகீழான ஊர் எது தெரியுமா?

கி.பி. 380, பிப்ரவரி 27. தியோடோசியஸ் சக்கரவர்த்தி ஆணையிட்டார்: குடிமக்கள் எல்லோரும் நைசீன் (நைசியா மாநாட்டில் வகுத்த) கிறிஸ்தவ விசுவாசத்தையே பின்பற்ற வேண்டும்! எந்த ஊரிலிருந்து? தெசலோனிக்கே! வேறொரு ராஜாவைப் பேசுகிறார்கள் என்று யாசோனை இழுத்துப்போன அதே ஊரிலிருந்து, அந்த ராஜாவைத் தவிர வேறில்லை என்று சட்டம்!

4 ஆண்டு கழித்து மனு எழுதும் முறை பழைய தெய்வங்களின் பக்கம் வந்தது. ரோம் நகரத் தலைமை அதிகாரி சிம்மாக்கஸ், செனட் மண்டபத்திலிருந்து அகற்றிய வெற்றித் தேவதையின் பலிபீடத்தைத் திரும்ப வைக்கக் கோரினார். முன்னோர் வழக்கத்தை மதியுங்கள், அத்தனை பெரிய மறைபொருளை ஒரே வழியில் அடைந்துவிட முடியாது என்பது அவர் வாதம். மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து எழுதினார். மனு தள்ளுபடி! ஆனால் அந்த மனுவின் வாசகம் தொலையவில்லை. அதைத் தோற்கடித்த அம்புரோசின் கடிதத் தொகுப்புக்குள்ளேயே, அவருடைய மறுப்புகளோடு சேர்ந்து இருக்கிறது; யார் வேண்டுமானாலும் இரண்டு பக்க வாதத்தையும் அடுத்தடுத்துப் படித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம்!